வெயிலால் செத்த ஆறு எலிகள்

வாயை மூடிக்கொண்டான். இனி ஏழெட்டு நிமிஷம் பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. சிஸ்டர் பெனிட்டா மாத்திரையைச் சின்ன உரலில் இடித்து, மடித்த தாளிலிருந்து என் மகன் நாக்கின் அடியில் கொட்டினாள், தாளை விரலால் சுண்டினாள், ஒரு துகள் மிச்சமில்லை. முழு மாத்திரையாகக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய்விடுவார்களாம், அதற்குத்தான் இடிப்பது. நாற்பத்தேழு வயதுக்காரனுக்கு. காதோரம் நரைத்தவனுக்கு. கைக்குழந்தைக்கு உரை மருந்து புகட்டுகிற மாதிரி. முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். நான் பக்கத்து நாற்காலியில். மடியில் பை. பைமேல் அட்டை, அட்டையில் ஒரு தாள், நூலில் கட்டிய பேனா. சுவர்க் கடிகாரம் ஒன்பது இருபது காட்டுகிறது. அது நாலு நிமிஷம் பின்னாடி, நாலு வருஷமாக நாலு நிமிஷம் பின்னாடி, ஒருத்தனும் ஸ்டூல் போட்டு ஏறித் திருத்தவில்லை. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டக் என்கிறது. டக். தாளில் சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டியதுதான் பாக்கி. பத்து மணிக்கு முன்னால் போதை மறுவாழ்வு இல்லத்து வண்டி வரும், இவனை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு தாண்டிப் போய்விடும், இருபத்தொரு நாள், மாத்திரை கிடையாது, ஒன்றும் கிடையாது, கஞ்சி, பஜனை, தோட்ட வேலை. நான்தான் ஏற்பாடு செய்தேன். நான்தான் போன் போட்டுப் போன் போட்டு இடம் பிடித்தேன். தாளை அவனே நிரப்பிவிட்டான். பெயர் ஜெகதீசன். தகப்பனார் பெயர் மாணிக்கவேலு, அது நான். 'என் சொந்த விருப்பத்தின்பேரில் இந்தச் சிகிச்சையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று அச்சில் இருக்கிறது. அதன் கீழே காரணம் என்று ஒரு கோடு. கோட்டின்மேல் இவன் கையெழுத்து, பள்ளிக்கூடத்திலிருந்து மாறாத சாய்வெழுத்து. 'அப்பா விருப்பம்.' அவ்வளவுதான். சொந்த விருப்பம் மேலே, அப்பா விருப்பம் கீழே. எவனும் படிக்க மாட்டான், கோப்பில் போய்த் தூங்கும். நான் படித்துத் தொலைத்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது சொன்னான். ஜன்னலோரம் நான், இவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில், "இன்னிக்கிதான்பா கடைசி. உங்களுக்கு நிம்மதிதானே?" நான் வெளியே பார்த்தேன். ம் என்றேனா? என்றிருப்பேன். எனக்கு வாயில் வார்த்தை வராது, வந்தால் கடுப்பாக வரும், அதைத்தான் இவன் நாலு வருஷமாகக் கேட்டான். "இன்னும் எத்தினி நாளைக்குடா இந்தச் சனியனை நாக்குல வெச்சிக்கிட்டு இருப்பே?" "பவுடரை விட்டே, மாத்திரையப் புடிச்சே. பேருதான் மாறிச்சு." சோறு போடும்போது சொல்வேன். தலையைக் குனிந்து சாப்பிடுவான். மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடையில் வேலை. காலையில் இங்கே வந்து வாயைத் திறந்து காட்டிவிட்டு அப்படியே கடைக்கு, ராத்திரி எட்டுக்கு வீடு. ஒரு நாள் தப்பியதில்லை. வீட்டில் ஒரு பொருள் காணாமல் போகவில்லை. பூட்டி வைத்திருந்த குத்துவிளக்கை சுலோச்சனா மறுபடி வெளியே எடுத்து வைத்தாள், தைரியமாக, கூடத்து நடுவில். அது போதவில்லை எனக்கு. அவளுக்கும்தான் போதவில்லை. கடைசி வாரம், ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டுச் சொன்னாள். "அவன் வாய்ல எதுவும் இல்லாம ஒரு தடவ பாத்துடணும்ங்க." தலையாட்டினேன். அவள் பார்க்கவில்லை. மூன்று வருஷம் ஆகிறது. தலையாட்டியவன் இருக்கிறேன், பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பையில் நாலு கைலி, நாலு சட்டை, ஒரு துண்டு, அவள் பின்னிய நீலக் கம்பளிச் சட்டை. வெயில் காலத்தில் கம்பளி எதற்கு என்று இவன் கேட்டான். நிறுத்திய மூன்றாம் நாள் குளிரும், தெரியும் எனக்கு. எனக்குத் தெரியாததா. உடம்பு பூரா மயிர்க்கூச்செறியும், நடுமத்தியானம் பல் தந்தியடிக்கும். அதெல்லாம் தெரிந்துதான் கம்பளிச் சட்டையை வைத்தேன். அவ்வளவு தெரிந்தவன் இன்னொன்றும் தெரிந்தவன். அதை எந்தப் பையில் வைப்பது.

சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. மூளை, மூளைக்குள் பூட்டு, பூட்டில் சாவி. சின்னப் பையன்களுக்குக் கதை சொல்கிற மாதிரி. இங்கே இருக்கிற இளவயது டாக்டர் முதல் நாள் என்னை அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்திப் பாடம் எடுத்தார். "ஹெராயின்னா சாவி முழுசாத் திரும்பும் ஐயா. இந்த மாத்திரை பாதி திரும்பி நின்னுடும். கதவும் முழுசாத் தொறக்காது, வேற சாவியும் நுழையாது." சரிங்க என்றேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷம் இதே பூட்டு, இதே சாவி. மருந்தியல் ஆய்வகம், மூன்றாம் மாடி, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி. எலிக்கு மார்ஃபின். ஹெராயின் உடம்புக்குள் போனால் மார்ஃபினாகத்தான் ஆகிறது. காலையில் வயிற்றில் ஊசி, அரை மணி கழித்துச் சூட்டுத்தட்டில் வை, எலி பின்னங்காலைத் தூக்கி நக்குகிற விநாடியில் ஸ்டாப்வாட்சை அழுத்து, எழுது. முதல் நாள் நக்கவே நக்காது, சூடு தெரியாது, அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும், நாம்தான் எடுத்துவிட வேண்டும். பத்தாம் நாள் அதே அளவு மருந்து, வைத்ததும் நக்கும். பழகிவிட்டது. அளவை ஏற்று. மறுபடி பழகும். மறுபடி ஏற்று. உடம்பு எப்படிப் பழகுகிறது என்று ஆராய்ந்து ஆறு கட்டுரை போட்டேன். பழகியது எப்படி மறக்கிறது என்று ஆராயவில்லை. இல்லை, அதுவும் கண்ணுக்கு முன்னால் வந்து கிடந்தது. ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. வேண்டாம். இவன் தொண்டை அசைகிறது. எச்சில் சேர்ந்திருக்கும். விழுங்கினால் வயிற்றுக்குப் போய் வீண், நாக்கடியில் ஊறினால்தான் ரத்தம். விழுங்காதேடா. விழுங்கவில்லை. கெட்டிக்காரன். நாலு வருஷமாக இந்த ஏழு நிமிஷத்தை ஒழுங்காக உட்கார்ந்து கழித்திருக்கிறான், நான் என் இருபத்தெட்டு வருஷத்தில் அவ்வளவு ஒழுங்காக எதையாவது செய்தேனா, தெரியாது. ஏன் இவன் என்பதும் தெரியாது. கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து வெள்ளித்தாளில் பவுடரை வைத்துக் கீழே தீக்குச்சி காட்டிப் புகையை இழுத்தார்களாம். மூன்று பேர் விட்டுவிட்டார்கள், ஒருத்தன் பேங்க் மேனேஜர். இவனைப் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை கேட்டேன், அப்படி என்னதான்டா அதுல என்று. யோசித்துத்தான் சொன்னான். "பல்வலி சட்டுனு நின்னா ஒரு நிமிஷம் அப்பாடான்னு இருக்குமே, அதுப்பா. அந்த ஒரு நிமிஷம், நாள் பூரா." அப்போ உனக்கு எங்கேடா வலிச்சுது என்று கேட்டிருக்க வேண்டும். ஆராய்ச்சிக்காரன் அதைத்தான் கேட்டிருப்பான். நான் சொன்னது, "பல்லு நல்லாத்தானேடா இருக்கு, ராஸ்கல்."

நான் உட்கார்ந்திருப்பது லூர்துவின் நாற்காலி. ஒரு கால் குட்டை, ஆடும். லூர்துசாமி, காசிமேட்டுக்காரன், படகு இன்ஜின் மெக்கானிக், இவன் வயசு. ரொம்ப வாய். "பெர்சு, இன்னாத்துக்கு உன் புள்ளய மொறச்சிக்கினே கீற? அவன் இன்னா உன் மூக்குப்பொடியவா திருடினான்?" மருந்து கரைந்ததும் முதல் ஆளாக வாயைப் பிளந்து காட்டுவான். "நல்லாப் பாத்துக்க சிஸ்டர், உள்ள கடல் வரிக்கும் தெரியும்." ஒரு நாள் என்னைக் காட்டி, "பெர்சுக்கும் ஒண்ணு இடிச்சிக் குடு சிஸ்டர், மூஞ்சி கொஞ்சம் எளகட்டும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான், வாயைத் திறக்காமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. இவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். போன ஐப்பசியில் லூர்துவின் அண்ணன்மார் கொண்டுபோய் ஒரு இல்லத்தில் விட்டார்கள், ஒரு மாசம். இந்த இல்லமில்லை, வேறு. எதுவாக இருந்தால் என்ன. கன்னத்தில் சதை வைத்து, தலைக்கு எண்ணெய் தடவி, புதுச் சட்டையோடு திரும்பி வந்தான், இங்கே எல்லாருக்கும் லட்டு கொடுத்தான், எனக்கு இரண்டு. "ஜெயிச்சிட்டேன் பெர்சு." நான் இவனைத் திரும்பிப் பார்த்தேன். பாத்தியாடா என்று பார்வையால் கேட்டேன். இவன் கையிலிருந்த லட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் விடிகாலை போன் வந்தது. ஓடினோம். லூர்து படகிலேயே கிடந்தான், வலைமேல், தூங்குகிறவன் மாதிரி ஒருக்களித்து. அண்ணன்மார் மாரடைப்பு என்றார்கள். விட்டுவிட்டவன் அல்லவா, வேறு எதனால் சாவான். அப்படியே எழுதவும் எழுதினார்கள். ஜெகா அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான், "விட்டதுக்கப்பறமாடா சாவு வரணும், பாவி, நல்லா ஆனதுக்கப்பறமாடா." நான் குனிந்து முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம். நகம் நீலம். மூக்கோரம் நுரை காய்ந்திருந்தது. மாரடைப்பில்லை. அந்த நீலத்தை நான் அதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன், ஆறு தடவை பார்த்திருக்கிறேன், ஒரே மத்தியானத்தில். பழைய நினைப்பில் பழைய அளவை ஒரு தடவை இழுத்திருக்கிறான், அவ்வளவுதான், கூடுதல் ஒன்றுமில்லை, முன்னெல்லாம் அவனை ஒன்றும் செய்யாத அளவு. ஒரு மாசத்தில் உடம்பு மறந்துவிட்டது, கைக்கு மட்டும் மறக்கவில்லை. எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து குளித்தேன். இட்லி சாப்பிட்டேன். மறுவாரம் செங்கல்பட்டு இல்லத்துக்கு முதல் போன் போட்டேன். என்ன மனுஷன் நான். இவன் வேறு, லூர்து வேறு என்று சொல்லிக்கொண்டேன். இவன் உறுதியானவன், வெளியே வந்தால் தொட மாட்டான். எல்லாரும் தொட மாட்டேன் என்றுதான் போகிறார்கள். டாக்டர்கூடச் சொன்னார், முந்தாநாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "மெதுவாக் கொறைக்கலாம், ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும், அவசரமே இல்ல. சட்டுனு விட்டுட்டு, பின்னாடி ஒரு தடவ தவறிட்டா ஆபத்து. ஆனா நீங்க வேணாம்னா நான் கட்டிப்போட முடியாது." இவன் உடனே, "தவற மாட்டேன் சார்." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷம் பின்னாடி.

ஒன்பது இருபத்து மூன்று. மூன்று நிமிஷம்தான் ஆகியிருக்கிறது. இவன் இமை கொட்டுகிறான், அதை எண்ணுகிறேன். எண்ணாதே. எண்ணிப் பழகிய புத்தி. தொண்ணூற்றெட்டில் முதல் தடவை இவனைப் பின் அறையில் போட்டு வெளியே தாழ் போட்டேன். ஆஸ்பத்திரி வேண்டாம், ஊர் சிரிக்கும், எனக்குத் தெரியாத வைத்தியமா. பத்து நாள். கதவில் ஒரு கண்ணாடிச் சில்லு இருந்தது, அது வழியாகப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் நோட்டு. எலிக்கு மருந்தை நிறுத்தினால் நனைந்த நாய் மாதிரி உடம்பை உதறும், கால் மணிக்கு எத்தனை உதறல் என்று எண்ணுவது முறை. இவன் உதறினான். கொட்டாவி விட்டான், தும்மினான், சுவரில் முழங்காலை இடித்தான். நான் எழுதினேன். இரண்டாம் நாள் மதியம், கொட்டாவி பதினாலு, தும்மல் ஒன்பது. சுலோச்சனா கஞ்சிச் சொம்போடு வந்து நின்றாள். "என்ன எழுதுறீங்க?" ஒண்ணுமில்ல. நோட்டைப் பிடுங்கிப் படித்தாள். அவள் என்னை அடிக்கவில்லை. நோட்டை என் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, கதவில் முதுகை வைத்து, "ஜெகா, அம்மா இங்கதான் இருக்கேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், விடிகிற வரைக்கும், அதே ஒரு வாக்கியம். உள்ளே இவனும் அந்தப் பக்கம் கதவில் முதுகை வைத்து உட்கார்ந்திருந்தான். சில்லு வழியாகத் தெரிந்தது. இடையில் ஒரு பலகை. எனக்கு அங்கே இடமில்லை, இருந்தால் எந்தப் பக்கம் உட்கார்வது. பதினோராம் நாள் திறந்துவிட்டேன், சாயங்காலமே போய்விட்டான். ஐந்தாம் நாள் போலீஸ்காரர் ஒருத்தர் கூட்டி வந்தார். உயிரோடு. அது என் சாமர்த்தியமில்லை. பவுடர் கிடைத்தது மட்டமாக இருந்திருக்கும், சுண்ணாம்பும் பல்பொடியும் கலந்தது, அதனால் பிழைத்தான். அது என் மண்டையில் அப்போதே உறைக்கவில்லையா? உறைத்தது. நான் மேலே ஒரு கோணியைப் போட்டு மூடினேன். கோணி. ஏன் இப்போது கோணி வருகிறது. ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு, பதினாலு, பதினைந்து, பதினாறு. சரி. வா. எத்தனை நாள்தான்.

எண்பத்து நாலு, மே மாசம். எட்டு எலிகள், ஒன்பதிலிருந்து பதினாறு வரை, நாள்தோறும் மார்ஃபின் ஏற்றிப் பழக்கிய கூட்டம். ஆரம்பித்த அளவைப்போல் எட்டு மடங்கு வரை கொண்டுவந்திருந்தேன், அசையாமல் வாங்கிக்கொண்டன. நடுவில் மருந்து தீர்ந்தது. அபின் சமாச்சாரம், அனுமதிக் காகிதம் இல்லாமல் ஒரு குப்பி வாங்க முடியாது, காகிதம் மேசைக்கு மேசை நகர்ந்தது. இருபத்திரண்டு நாள். முதல் வாரம் எலிகள் உதறின, இளைத்தன, பிறகு தேறின, மினுமினுவென்று ஆயின. பள்ளிக்கூட லீவு, ஜெகாவுக்கு அப்போது எட்டு வயது, தினமும் எனக்குச் சோற்று அடுக்கைத் தூக்கிக்கொண்டு வருவான், எலிக் கூடத்திலேயே கிடப்பான். அடையாளத்துக்கு எலிகளின்மேல் மஞ்சள் அமிலத்தால் பொட்டு வைப்போம், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில். ஒன்பதாம் நம்பருக்குத் தலையில். இவன் அதற்கு மஞ்சமண்டை என்று பெயர் வைத்தான். கம்பி இடுக்கில் வேர்க்கடலையை நீட்டுவான், அது இரண்டு கையாலும் வாங்கித் தின்னும். மருந்து வந்தது. நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக எட்டு மடங்கு என்று என் கையாலேயே முன்கூட்டி எழுதிய அட்டவணை. குறைத்துத் தொடங்கினால் அட்டவணை கெடும், கணக்கு கெடும், ஜூனில் மாநாட்டில் படிக்க வேண்டிய கட்டுரை கெடும். எலிக் கூடத்தைப் பார்த்துக்கொண்ட எத்திராஜ் ஊசியை வாங்கிக்கொண்டு நின்றான். எட்டாவது தாண்டாதவன். "சார், மூணு வாரம் சும்மா இருந்ததுங்க. எடுத்ததும் இவ்ளோ குடுத்தாத் தாங்குமா? என் மச்சான் ஜெயிலுக்குப் போய் வந்து மொத நாள் பழய கணக்குல சாராயம் குடிச்சிட்டு ரெண்டு நாள் எந்திரிக்கல சார்." "நீ ஊசியப் போடுய்யா. மச்சான் கதையெல்லாம் அப்புறம்." போட்டான். நான் ஸ்டாப்வாட்சோடு நின்றேன். முதலில் கண் பிதுங்கியது. பிறகு வயிறு தட்டையாகத் தரையில் ஒட்டியது. மூச்சை எண்ணினேன், நிமிஷத்துக்கு நாற்பது, இருபது, ஒன்பது. மூக்கு நுனி, காது, பாதம், ரோஜா நிறமாக இருக்க வேண்டியது நீலம் ஆனது. ஒரு மணிக்குள் ஆறு. பத்தும் பதின்மூன்றும் மட்டும் பிழைத்தன, ஏன் என்று தெரியாது. எத்திராஜ் கூடத்துப் பதிவேட்டில் பென்சிலால் எழுதினான், 'மருந்து தாங்கல.' அழிடா என்றேன். நின்றான். "அழி. வெயில்னு எழுது. நூத்தி ஏழு டிகிரி அடிக்குது வெளிய." ரப்பரால் தேய்த்தான், தாள் கிழிகிற அளவுக்குத் தேய்த்தான், வெயில் என்று எழுதினான். நான் என் நோட்டில் ஆறு வரிசையின்மேலும் அளவுகோல் வைத்து ஒரே கோடு போட்டேன். 'கணக்கில் சேரவில்லை.' புது எலிகள் வாங்கினோம், முதலிலிருந்து தொடங்கினோம், கட்டுரை வந்தது, அதில் அந்த ஆறைப் பற்றி ஒரு எழுத்தில்லை. எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. வேறு நாட்டில் வேறு ஆள்கள் அதைக் கண்டுபிடித்து எழுதத்தான் செய்தார்கள், டாக்டர் படிக்கிற புத்தகத்திலேயே இருக்கிறது. உலகத்துக்கு என் ஆறு எலி தேவையில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது. போட்ட கோட்டை நான் எனக்குள்ளேயும் போட்டுக்கொண்டேன், அதுதான் நடந்தது. நேராகப் பார்த்ததை வெயில் என்று ஒரு தடவை எழுதப் பழகியவனுக்கு மாரடைப்பு என்று நம்புவது கஷ்டமில்லை. அதுவும் ஒரு பழக்கம். அளவு ஏறிக்கொண்டே போகும்.

சாயங்காலம் இவன் வந்து கூண்டைப் பார்த்தான். "மஞ்சமண்டை எங்கேப்பா?" செத்துப்போச்சு. "எப்படிப்பா?" வெயில். அழுதான். ஆமாம், கோணி, அதுதான். மறுநாள் காலையில் இவன் ஒரு கோணியை வாளித் தண்ணீரில் முக்கி, தூக்க முடியாமல் தூக்கி, மிச்சக் கூண்டுகளின்மேல் போட்டான். காய்ந்ததும் மறுபடி நனைத்துப் போட்டான். ஒரு நாளைக்கு நாலு தடவை. எத்திராஜ் என் முகத்தைப் பார்த்தான், நான் ஜன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன்.

டக். இருபத்தைந்து. வெளியே வண்டி ஒன்று வந்து நிற்கிற சத்தம், ஹாரன், இரண்டு தடவை. சீக்கிரமே வந்துவிட்டான், இப்படிப்பட்டவன்கள் என்றைக்கும் சீக்கிரம்தான். இவன் திரும்பி என்னைப் பார்க்கிறான், கண்ணால் தாளைக் காட்டுகிறான். போடுங்கப்பா. கண்ணில் ஒரு வெளிச்சம். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பேப்பரை என்னிடம் நீட்டியபோது இருந்தது, அதற்கப்புறம் பார்க்காதது. இவன் எனக்கு ஒன்று தருகிறான். நாலு வருஷமாக நான் கேட்டதை, பல்லைக் கடித்துச் சேர்த்து வைத்துத் தருகிறான். இதை எப்படி வேண்டாம் என்பது. சுலோச்சனா, நீ இருந்தால் என்ன சொல்வாய், நீ கேட்டதுதானே இது. நீ கேட்டது அவன் வாய். எனக்குத் தெரிந்தது அவன் மூச்சு. நாற்பது, இருபது, ஒன்பது. இருபத்தொரு நாள் கழித்து இவன் கன்னத்தில் சதையோடு, எண்ணெய்த் தலையோடு வருவான், லட்டு வாங்குவான், நான் தின்பேன். அப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் ஏதாவது சொல்வேன், சொல்லாமல் இருக்க மாட்டேன், சோற்றுத் தட்டுக்கு முன்னால் ஒரு வார்த்தை, இவன் எழுந்து வெளியே போவான். பழைய அளவு. வாயைத் திற, கிழவா. இவனால்தான் இப்போது பேச முடியாது, உன்னால் முடியும். இந்த ஏழு நிமிஷத்துக்கு இந்த அறையில் பேச முடிந்தவன் நீதான். வரவில்லை, நாற்பது வருஷத்துக்கு மருந்து இடித்துக் கொட்டிய மாதிரி நாக்கு கிடக்கிறது. சரி, கை இருக்கிறது. தாளை எடுத்தேன். 'அப்பா விருப்பம்' என்பதன்மேல் ஒரு கோடு போட்டேன், நேராக, அளவுகோல் இல்லாமல். கோடு போடுவதில் கெட்டிக்காரன் நான். தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெற்று. எழுதினேன். 'எலி எண் 9, 11, 12, 14, 15, 16. இருபத்திரண்டு நாள் மருந்து இல்லை. பிறகு பழைய அளவு. ஒரு மணிக்குள் இறந்தன. காரணம் வெயில் அல்ல. ஊசிக்கு உத்தரவு போட்டவன் நான்.' தேதி போட்டேன், எண்பத்து நாலு மே மாசத்தின் அன்றைய தேதி. கீழே கையெழுத்து. இவன் கையில் கொடுத்தேன்.

படித்தான். மெதுவாகப் படித்தான், விரலை வரியின் கீழே வைத்து. திருப்பி முன்பக்கம் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், மறுபடி பின்பக்கம். கண்ணில் இருந்த அந்த வெளிச்சம் போயிற்று. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது போயிற்று. சிஸ்டர் பெனிட்டா வந்து டார்ச்சைத் தட்டினாள்.

"ஜெகாண்ணே, வாயத் தொறங்க."

திறந்தான். நாக்கைத் தூக்கினான். குனிந்து நானும் பார்த்தேன், நாலு வருஷத்தில் முதல் தடவையாக. இளஞ்சிவப்பு, ஈரம், ஒன்றுமில்லை. பாத்துக்கோ சுலோச்சனா. எதுவும் இல்லை. இந்த ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்னால் முடியும்.

"முடிஞ்சிது. ஐயா, ஃபார்ம்?"

"இல்லம்மா," என்றேன். என் குரல் எனக்கே கரகரத்தது. "நாளைக்கு வருவோம்."

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு அடுத்த ஆளுக்கு உரலைத் துடைக்கப் போய்விட்டாள். வெளியே ஹாரன் மறுபடி அடித்தது. இவன் எழுந்திருக்கவில்லை.

"இது மஞ்சமண்டையா?" என்றான். "ஒம்போது?"

"ஆமா."

"லூர்து?"

தலையாட்டினேன். இன்னும் ஒன்று கேட்பான், அப்போ நான் எப்பத்தான்பா நல்லாவேன் என்று கேட்பான், தெரியலடா என்று சொல்ல வாயைத் தயார் செய்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. அந்த ஆறு எண்களின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். சோற்று அடுக்கோடு வந்து நின்ற அதே முகம், மேலே நரை.

"வெயில்னு சொன்னீங்களே," என்றான். "லீவு முடியற வரைக்கும் கோணிய நனைச்சி நனைச்சிப் போட்டேனேப்பா."